மலைநாட்டிலே பத்திரிகைச் சுதந்திரம்

பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் சட்டப் புத்தகங்களையே புரட்டுவர். அச்சகத்தார் எங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆசிரியர் எதனை எழுதலாகாது, எழுதினால் எத்தனை ஆண்டு சிறை என்னும் விவரங்கள் அங்கே ஒழுங்காக அமைந்திருக்கும். கொழும்பு நகரைப் பொறுத்த அளவில் இம்முறை பெரும்பாலும் போதுமானதே. ஆனால் அட்டன், நுவரெலியா, நாவலப்பிட்டி முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றுக்கு இஃது போதாது. அங்கே ஒரு பத்திரிகையைத் தடுப்பதற்கு அச்சுச் சட்டம் பெரும்பாலும் தேவைப்படவில்லை. அத்துமீறிப் பிரவேசித்தல், வேலை நீக்கம், நாடு கடத்தல், பிரசாவுரிமை ஆகியவை பற்றிய சட்டங்களே அவ்வேலையைச் செய்து முடித்தன. பத்திரிகை என்ற சொல்லே இடம்பெறாத சட்டங்கள் பத்திரிகையை எவ்வாறு கட்டிப்போட்டன என்பதே மலைநாட்டின் தனிக் கதையாகும்.

முதலில் அச்சுச் சட்டங்களின் போக்கைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. இலங்கையில் அச்சியந்திரத்தை முதன்முதல் நிறுவியவர் ஒல்லாந்தர். 1737ஆம் ஆண்டளவில் கொழும்பில் அமைந்த அவ்வச்சகம் அரசாங்கக் கட்டளைகளையும் கிறிஸ்தவ சமய நூல்களையும் வெளியிட்டது. பிரித்தானியர் ஆட்சியில், 1802ஆம் ஆண்டில் அரசாங்க வர்த்தமானி தோன்றியது. தனியார் பத்திரிகை எதுவும் அன்று இல்லை. தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் ஆதரவில் 1832இல் ‘கொழும்பு ஜேர்னல்’ வெளிவந்தது. இலண்டனிலிருந்து வந்த உத்தரவினால் 1833ஆம் ஆண்டின் இறுதியில் அஃது நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு கொழும்பு வணிகர் ‘ஒப்சேவர்’ பத்திரிகையைத் தொடங்கித் தேசாதிபதியின் ஆட்சியைக் கண்டித்து எழுதலாயினர். பின்னர் 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பத்திரிகையை அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் இருப்பிடத்தையும் அரசாங்கத்துக்குப் பிரகடனம் செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அச்சிடுவோர், வெளியிடுவோர் பற்றிய 1885ஆம் ஆண்டுச் சட்டமும், அச்சியந்திரங்கள் பற்றிய 1902ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில் வந்தவை.

இச்சட்டங்கள் எழுதுமுன் அனுமதி பெறுமாறு கூறவில்லை. இங்கிலாந்திலே முன்னனுமதி முறை 1695ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. அதன் பின்னர் ஆங்கிலச் சட்ட அறிஞர் கொண்ட கொள்கை, விரும்பியதை வெளியிடலாம், விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே. அந்த விளைவு யாது என்பதை இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை வரையறுத்தது. அதன் 120ஆம் பிரிவு, அரசின்மீது வெறுப்பை மூட்டுவோருக்கும், குடிகளிடையே அதிருப்தியை எழுப்புவோருக்கும், வெவ்வேறு வகுப்பாரிடையே பகைமை வளர்ப்போருக்கும் 2 ஆண்டுவரை வெறுங்காவற் சிறையை விதித்தது. அரசாங்கத்தின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவதும், முறையான வழியில் திருத்தம் கோருவதும் குற்றமாகா என்று அப்பிரிவே ஒரு விளக்கமும் தந்தது. ஆயினும், குறைந்த கூலி பற்றி எழுதுவது திருத்தம் கோருவதா, வகுப்பாரிடையே பகைமை வளர்ப்பதா? இதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் எழுதியவனிடம் இல்லை.

இச்சட்டங்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்று சொல்லப்பட்டன. நடைமுறையில் மலைநாட்டுத் துரைமாரை அவை அதிகம் தொட்டதில்லை. கோப்பிக் காலத்திலேயே அவர்களுக்குத் தக்க பத்திரிகைத் துணை இருந்தது. 1846இல் தோன்றிய ‘டைம்ஸ்’ பத்திரிகை வணிகர், தோட்டக்காரர் ஆகியோரின் குரலாக விளங்கியது. 1854இல் கண்டியில் தோட்டக்காரர் சங்கம் அமைந்தது. 1859இல் பேர்கசன் என்பார் ‘ஒப்சேவர்’ பத்திரிகையை வாங்கிய பின்னர் அதுவும் தோட்டக் கைத்தொழிலின் நலனைப் பேணியது. வீதி வேண்டும், இருப்புப்பாதை வேண்டும், கூலியாட்களின் வருகைக்கு வசதி வேண்டும் என்று இப்பத்திரிகைகள் தேசாதிபதிகளோடு வாதாடின. அவர்களைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்தன. ஆகவே மலைநாட்டிற் பத்திரிகைச் சுதந்திரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றே விடை கூற வேண்டும். பங்களாவின் மேசைக்கு அது ஒவ்வொரு நாளும் தபாலில் வந்தது. லயத்தின் வாசலுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை அறியத் தோட்டத்தின் அமைப்பை நோக்க வேண்டும். தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளர், தோட்டத்துக்குச் சொந்தமான லயங்களிற் குடியிருந்தனர். அவர்கள் குடித்த நீரும் நடந்த பாதையும் தோட்டத்துக்குச் சொந்தமானவையே. 1865ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டப்படி, வேலையை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதி, அக்கடனோடு சேர்த்துத் தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றும் முறையும் நிலவியது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. குற்றத் தண்டனைகளும் அக்காலத்தை ஒட்டியே நீக்கப்பட்டன. ஆனால் வீடும் வேலையும் ஒரே கையில் இருந்த நிலை நீங்கவில்லை. பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றப்பட்ட தொழிலாளிக்கு மறுநாட் பிரட்டிலே பெயர் இல்லை. அத்தோடு தலைக்கு மேலிருந்த கூரையும் இல்லை. இத்தகைய நிலையில் வாழ்பவன் துரைக்கு விருப்பமில்லாத ஒரு பத்திரிகையைக் கையில் வைத்திருப்பது எத்துணை அபாயமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளியிலிருந்து பத்திரிகை கொண்டு வருபவனுக்கு வேறொரு சட்டம் காத்திருந்தது. தோட்டம் தனியார் காணி. அழைப்பின்றி உள்ளே நுழைபவன்மீது, அத்துமீறிப் பிரவேசித்தான் என்று தண்டனைச் சட்டக் கோவையின்படியே வழக்கிடலாம். அவன் கையில் இருந்தது துணி மூட்டையா, துண்டுப் பிரசுரமா என்று நீதிமன்றம் ஆராய வேண்டிய அவசியமும் இல்லை. பிரசுரத்தில் எழுதப்பட்டது உண்மையா, பொய்யா, இராசத்துரோகமா என்னும் வினாக்கள் எழுவதற்கே அங்கு இடமில்லை. இராசத்துரோக வழக்கு என்றால் ஆசிரியர் நீதிமன்றத்தில் நின்று தம் எழுத்தை நியாயப்படுத்தலாம். அவர் வாதம் மறுநாள் ஊரெங்கும் பேசப்படும். அத்துமீறல் வழக்கிலோ எழுத்தைப் பற்றிய பேச்சே எழாது.

இங்ஙனம் வேறு பெயரில் வந்து வாசகனைத் தடுக்கும் சட்டங்கள் மலைநாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. இங்கிலாந்தில் 1712ஆம் ஆண்டு பத்திரிகைகளுக்கு முத்திரை வரி விதிக்கப்பட்டது. 1815இல் அவ்வரி ஒரு பிரதிக்கு 4 பென்சாக உயர்ந்தது. பெயரளவில் அஃது வருமானச் சட்டம். விளைவிலோ ஏழைத் தொழிலாளன் பத்திரிகை வாங்க இயலாதபடி செய்த சட்டம். முத்திரையின்றிப் பத்திரிகை விற்ற பலர் சிறை சென்ற பின்னரே, 1836இல் வரி ஒரு பென்சாகக் குறைந்து, 1855இல் முற்றாக நீங்கியது. தமிழகத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகையின்மீது இராசத்துரோக வழக்கு எழுந்தபோது, பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. புதுச்சேரியில் அச்சிடுவதை ஆங்கிலேயரால் தடுக்க முடியவில்லை. தம் எல்லைக்குள் வருவதைத் தடுத்தனர். வாசகரை இழந்த பத்திரிகை 1910இல் நின்றது. அச்சகத்தை மூடாமலே பத்திரிகையை மூடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லையில் நடந்தது யாதோ, அதுவே ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையிலும் நடந்தது.

இவ்வெல்லையைத் தாண்டிய முதற் பத்திரிகையாளராகக் கோ. நடேசய்யரைக் கூறுவது வழக்கம். தஞ்சைச் சீமையிற் பிறந்த அவர் இலங்கைக்கு வந்து, 1921ஆம் ஆண்டளவில் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பெயருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. 1917இல் சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனார் அதே பெயரில் ஒரு நாளிதழை நடத்தினார். அவருக்குப் பின் அதன் ஆசிரியராயிருந்த வ. வே. சு. ஐயர், அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக 1921இல் 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இத்தகைய பெயரைத் தாங்கி வந்த கொழும்புத் ‘தேசபக்தன்’ தோட்டக்காரரின் செயல்களையும் கங்காணிமுறையின் கொடுமைகளையும் வெளிப்படையாக எழுதியது. பொலீசார் அவரைக் கண்காணித்தனர். தோட்டக்காரர் அவரைத் தம் முதற் பகைவராகக் கருதினர்.

நடேசய்யர் 1920களின் நடுப்பகுதியிற் சட்டநிரூபண சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார். சபையில் அவர் ஆற்றிய உரைகள் அரசாங்கத்தின் செலவிலேயே அச்சேறின. அதே கருத்துக்களைத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு லயத்துக்குக் கொண்டு செல்ல அவருக்கு வழியில்லை! சட்டமியற்றும் சபையின் உறுப்பினர் ஒருவருக்கே தம் வாக்காளரின் வாசலை அணுகுதல் அரிதாயிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில் அவர் மேற்கொண்ட வழிகள் மலைநாட்டு மக்களின் நினைவில் இன்றும் வாழ்கின்றன. புடவை வியாபாரி போல் வேடம் பூண்டு, துணி மூட்டையோடு அவர் தோட்டங்களுக்குட் சென்றார் என்பது அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடும் செய்தி. பெரிய நூல்களைக் காட்டிலும் சிறு பிரசுரங்களையே அவர் மிகுதியாக வெளியிட்டதற்கும் இச்சூழலே காரணமாயிருத்தல் கூடும். தொழிலாளரின் கடமைகளையும் உரிமைகளையும் எளிய தமிழில் விளக்கும் நூல்களை அவர் எழுதினார். 1933இல், துரைமார் ஆட்சியிலிருந்து சுயராச்சியத்துக்கு என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றையும் வெளியிட்டார். ஆங்கில நூல் ஆள்வோருக்கு. தமிழ்ப் பிரசுரம் ஆளப்படுவோருக்கு. முன்னது நூல்நிலையங்களிலே தங்கிற்று. பின்னது கைக்குக் கை மாறிக் கிழிந்தது.

எழுத்தறியாதவர்க்கு எழுத்தினாற் பயன் என்ன என்று சிலர் வினவலாம். தோட்டத்துச் சிறுவர்களுக்குக் கல்வி அளித்தல் தோட்டக்காரரின் கடமை என்பது 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின்னரே உறுதிப்பட்டது; அதற்குப் பின்னரும் பள்ளிக்கூடம் பல தோட்டங்களிற் பெயரளவிலேயே இருந்தது. ஆனால் லயத்தில் ஒருவர் வாசித்தால் அஃது ஒருவர் வாசித்ததாகாது. சுற்றியிருப்போர் எல்லாரும் கேட்டதாகும். நடேசய்யரின் துணைவியாரான மீனாட்சியம்மாள் இவ்வுண்மையை நன்கறிந்தவர். பத்திரிகைப் பணியில் கணவரோடு உழைத்த அவர், தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதி, மேடைகளிற் பாடினார். அப்பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் தலைப்பில் நூலாக வெளிவந்தன. அச்சிட்ட தாளைக் காவற்காரன் பறித்துவிடலாம். ஒருமுறை கேட்டு மனத்திற் பதிந்த பாட்டைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. கொழுந்து கிள்ளும் மலையிலும் அது பாடப்படும்; தொட்டிற் கயிற்றை ஆட்டும் போதும் பாடப்படும்.

தோட்டத்து வாயிலைக் கடந்தவர்களுக்கு அடுத்து எதிர்ப்பட்டது நாடு கடத்தும் அதிகாரம். இவ்வதிகாரத்தின் தன்மை 1937ஆம் ஆண்டில் நாடறிய விளங்கிற்று. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பயின்றார். தொழிலாளரிடத்து அனுதாபம் காட்டியதனால் வேலையினின்று நீக்கப்பட்டு, இலங்கைச் சமசமாசக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. தோட்டத் தொழிலாளர் சுமார் 2,000 பேர் கூடிய அக்கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் உரையாற்றினார். பிரேஸ்கேர்டிலும் பேசினார். வெள்ளையர் ஒருவர் தொழிலாளர் மேடையில் ஏறி, வெள்ளைத் துரைமாரைக் கண்டித்ததைத் தோட்டக்காரராற் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்மீது இராசத்துரோக வழக்குத் தொடரப்படவில்லை. வழக்கென்றால் சாட்சி வேண்டும், வாதம் வேண்டும், தீர்ப்பு வேண்டும். அவற்றை விட்டு, தேசாதிபதி ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை ஒன்றைப் பயன்படுத்தினார். ஏப்ரல் 22ஆம் நாள் பிரேஸ்கேர்டிலின் கையில் உத்தரவு கொடுக்கப்பட்டது. 48 மணி நேரத்துள் அவர் இலங்கையை விட்டு நீங்க வேண்டும்! அவர் நீங்கவில்லை, தலைமறைவானார். மே மாதத் தொடக்கத்தில், கொழும்புக் காலிமுகத் திடலில் நடந்த பெருங்கூட்டத்தில் மேடையேறி மக்கள்முன் தோன்றினார். சில நாட்களிற் கைது செய்யப்பட்டார். உடனே ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எச். வி. பெரேரா அவர் சார்பில் வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் அமர்ந்த நீதிபதிகள், மே 18ஆம் நாள் பிரேஸ்கேர்டிலை விடுதலை செய்தனர். 1896ஆம் ஆண்டின் கட்டளை அவசர நிலைமைக்கென அமைந்தது. அத்தகைய நிலைமை இல்லாதபோது, சட்டத்தை மீறாத ஒருவரைப் பேசியதற்காக வெளியேற்றும் அதிகாரம் தேசாதிபதிக்கு இல்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பு இலங்கைச் சட்ட வரலாற்றிற் போற்றப்படுவது தக்கதே. நிர்வாகத்தின் கட்டளையும் நீதிமன்றத்தின் ஆராய்ச்சிக்கு உட்பட்டது என்பதை அது நிலைநாட்டியது. ஆயினும் நாவலப்பிட்டியின் கண்கொண்டு நோக்கினால் வேறொன்றும் புலப்படும். மேடையில் நின்ற பிரேஸ்கேர்டிலுக்கு வழக்கறிஞர் கிடைத்தனர், கட்சி துணை நின்றது, அரசாங்க சபையிலே தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனம் எழுந்தது. அவர் பேச்சைக் கேட்டிருந்த 2,000 பேருக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. அவருள் ஒருவரைத் தோட்டத்திலிருந்து நீக்கப் பற்றுச்சீட்டே போதும். அதற்கு எதிராக ஆட்கொணர்வு மனு எந்த நீதிமன்றத்திலும் எழாது. பேசுவோனின் சுதந்திரத்தை நீதிமன்றம் காத்தது. கேட்போனின் சுதந்திரம் சட்டத்தின் கண்ணிற்கு அன்றும் தெரியவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்து, உலகப் போரின் காலத்தில் அவசர அதிகாரங்கள் உண்மையாகவே வந்து சேர்ந்தன. 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவ்வாண்டு தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தங்கள் பரவின. யூன் மாதத்திற் சமசமாசக் கட்சியின் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். அக்கட்சியின் அச்சகமும் சோதனையிடப்பட்டு முத்திரையிடப்பட்டது. தமிழ்த் தொழிலாளருக்கென அக்கட்சி நடத்திய ‘சமதர்மம்’ என்னும் வாரப் பத்திரிகைக்கும் அதனால் இடையூறு நேர்ந்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிங்களப் பத்திரிகைகள் நிறுத்தப்பட்டதையும், அக்கொடுமைகளைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அஞ்சாது எடுத்துரைத்ததையும் நேயர்கள் அறிவர். அவசரச் சட்டம் என்னும் வாள் எந்த மொழிப் பத்திரிகை என்று பார்ப்பதில்லை. எது இடையூறோ அதனை வெட்டும்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. மலைநாட்டுத் தமிழருக்கோ அதே ஆண்டிற் பிறந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் புதியதோர் எல்லையை வகுத்தது. மிகப் பெரும்பாலானோர் பிரசாவுரிமையற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இச்சட்டத்தில் பத்திரிகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பேச்சுரிமையையும் வெளியீட்டு உரிமையையும் அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, அவ்வுரிமையைப் பிரசைகளுக்கே வழங்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தன் 14ஆம் உறுப்புரையில் ஒவ்வொரு பிரசைக்கும் என்றே கூறியது. வேறெந்த நாட்டின் பிரசையுமல்லாது இலங்கையில் நிரந்தரமாகக் குடியிருந்தோருக்கு அவ்வுரிமைகள் 10 ஆண்டுகளுக்கு மட்டும் உண்டு என்று ஒரு துணை விதியும் சேர்க்கப்பட்டது. பிறந்த மண்ணிலேயே எழுதும் உரிமைக்குத் தவணை குறிக்கப்பட்ட மக்கள் உலகில் எத்தனை பேர் இருப்பர்?

1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது அதன் ஏற்பாடு. அக்காலத்தில் மலைநாட்டில் எழுத முன்வந்த இளைஞர்கள் பலர். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்பதே தெரியாத நிலையில் அவர்கள் எழுதினர். எழுத்தாளனை அச்சுறுத்த ஒரு தணிக்கை அதிகாரி வேண்டியதில்லை. அவன் காலடி மண் அவனுடையதன்று என்று சொல்லிவிட்டாற் போதும். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமையை அளித்து இவ்வெல்லையை அகற்றின. ஆதலின் அவ்விரு சட்டங்களையும் பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றிலும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இதற்கிடையில் நாடளாவிய கட்டுப்பாடுகளும் பெருகின. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு உரிமையை அரசு ஏற்றது. 1974இல் அவசரகால விதிகளின்கீழ்த் தவச நிறுவனத்தின் அச்சகம் மூடப்பட்டபோது, ‘தினபதி’, ‘சிந்தாமணி’ என்னும் தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றன. 1977வரை அவை மீளவில்லை. 1979இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் சில செய்திகளை அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுத்தது. மறுபக்கத்தில், அவதூற்றைக் குற்றமாகக் கருதித் தண்டிக்கும் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, அச்சேறாது கைத்தொலைபேசியில் ஓடும் எழுத்தையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. ஒரு கதவு திறக்க மறு கதவு சாத்தப்படுவது இவ்வரலாற்றின் இயல்பு.

மலைநாட்டின் அனுபவம் இந்நீண்ட வரலாற்றுக்கு ஒரு பாடத்தைச் சேர்க்கின்றது. பத்திரிகைச் சுதந்திரம் என்பது ஆசிரியரின் மேசையோடு முடிவதன்று. அச்சிட்ட தாள் வாசகனின் கைக்குச் செல்லும் வழி, அதனைப் படிக்கும் கல்வி, படித்ததற்காக வீட்டையும் வேலையையும் இழக்காத உறுதி, கருத்துச் சொன்னமைக்காக நாட்டினின்று அகற்றப்படாத நிலை ஆகிய யாவும் அதன் உறுப்புக்களே. இவற்றுள் ஒன்று குன்றினும் ஏனையவை பயனற்றுப் போகும். 120ஆம் பிரிவு இல்லாத நாட்டிலும் லயத்து வாசல் அடைபட்டிருந்தால், அங்கே பத்திரிகை சுதந்திரமாக இருப்பதாகக் கூற இயலாது.

நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். பிரசாவுரிமைச் சட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை. 1970களிலே தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அவர் எவருக்காக எழுதினாரோ அத்தொழிலாளரின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்குகின்றனர். முன்னோர் மறைத்து வைத்துப் படித்ததை அவர்கள் வகுப்பறையிலே வெளிப்படையாகப் படிப்பிக்கின்றனர். ஆயினும் லயங்கள் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. குடியிருக்கும் காணி தன்னுடையது என்று சொல்ல இயலாத குடும்பங்கள் இன்னும் பல. புதிய சட்டம் ஒன்று வரும்போது, அது பத்திரிகையைப் பற்றிப் பேசுகின்றதா என்று மட்டும் பார்த்தல் போதாது. வீட்டையும் காணியையும் வேலையையும் பற்றிய சட்டமாயினும், அஃது யாருடைய வாயை அடைக்கும், யாருடைய கையிலிருந்து தாளைப் பறிக்கும் என்று கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்கும் பழக்கம், தேயிலை மலைகளின் நூறாண்டு வரலாறு நமக்கு விட்டுச்சென்ற செல்வமாகும்.